டாஷ்போர்டு துடைக்கும் பிரஷ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யைச் சொன்னவள் நான். முதல் வரைவில் அதை ஓர் ஆணின் தலையில் கட்டப் பார்த்தேன்:

‘மனைவி இறந்த பிறகு அந்த டிரைவிங் மாஸ்டர் தன் பயிற்சிக் காரிலேயே குடியிருந்தார். மழை பெய்யும்போதெல்லாம் அவர்…’

அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணாடியை இறக்கினால் நனையும், ஏற்றினால் மூச்சு முட்டும் என்பதுதான். (ஏற்றி வைத்தால் மூச்சுக்காற்று படிந்து கண்ணாடி மங்கிவிடும். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிந்துவிடும். மாஸ்டருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.) பாவம், நல்ல மனிதர். அவரை வழியிலேயே இறக்கிவிட்டேன். இனி நான்தான். நாற்பத்தாறு வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், பதினோரு மாதம் அந்தக் காரிலேயே குடியிருந்தவள்.

2

வீடு ஏன் போனது என்று மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதைக் கேட்டதும் எல்லோரும் தப்பு யார் மேல் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். என் அண்ணனும் அதைத்தான் செய்தான். “நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்றான். அதன்பிறகு எங்கே தூங்குகிறேன் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஏழு மணிக்குக் கற்றுக்கொள்ள முதல் ஆள் வந்துவிடுவார். அதற்குள் போர்வை டிக்கிக்குப் போய், சீட் நிமிர்ந்திருக்க வேண்டும். பிறகு நாள் முழுக்க யார் யாரோ என் வீட்டை ஓட்டினார்கள். நடைபாதை மேல் ஏற்றினார்கள். “பரவாயில்ல, மறுபடி எடுங்க” என்பேன். பக்கத்தில் எப்போதும் ஆள் இருந்தும் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

3

அடுத்து வருகிறவரை நம்ப எனக்கே கஷ்டமாக இருக்கிறது. கதையின் வசதிக்காகச் செய்துவைத்த நல்லவர் மாதிரித் தெரிகிறார். அதனால் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். மருமகளைப் பற்றி ஓயாமல் புலம்புவார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். நான் சிஸ்டர் என்பேன், அவர் டீச்சர் என்பார்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடி துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டு பெட்டியைத் திறந்துவிட்டார்.

“என்ன டீச்சர், இதுக்குள்ள டூத் பிரஷ்?”

“டாஷ்போர்டு துடைக்க, சிஸ்டர். இந்த இடுக்குல துணி போகாது.”

சொன்னதோடு நிற்காமல், பிரஷ்ஷை எடுத்து ஏசி காற்று வரும் இடுக்கெல்லாம் தேய்த்தும் காட்டினேன். கறுப்பாக அழுக்கு வந்தது. சிஸ்டர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, பெட்ரோல் பங்க் குழாயடியில், அதே பிரஷ்ஷைக் கழுவிப் பல் துலக்கினேன். அழுதேன். (இந்த வார்த்தையை நாலு முறை எழுதி அடித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

அடுத்த வகுப்புக்குப் புது பிரஷ் ஒன்றோடு வந்தார் சிஸ்டர். “டாஷ்போர்டுக்கு. பழசு தேஞ்சுபோயிருந்துச்சே.” அதற்கடுத்த வாரம் ஒரு கம்பளி. “சீட்டுக்கு விரிச்சா நல்லா இருக்கும்.” பிறகு வாசனை சோப்பு. “வண்டிக்கு.”

வண்டிக்கு எதற்குக் குளிக்கிற சோப்பு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

4

இந்த இடத்தில் ‘அவள் மீண்டுவிட்டாள்’ என்று வர வேண்டும். எழுதிப் பார்த்தேன்: ‘புது அறையின் கதவைத் திறந்ததும் அவள் மனதில்…’

சுத்தப் பொய். வாடகை அறைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடி. இன்னும் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தூக்கத்தில் அதைத் தேடி என் கால் உதைக்கிறது, விழித்துக்கொள்கிறேன். காலையில் மூன்று மாடி இறங்கிப் போய் காரில் உட்கார்ந்து பல் துலக்குகிறேன். அறையில் குழாய் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. ஆனால் பிரஷ் மேலே வந்துவிட்டால் இந்த அறை என்னுடையதாகிவிடும். என்னுடையது என்றால் இன்னொரு முறை கைவிட்டுப் போகும். பயமாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

5

சிஸ்டருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை என் வண்டியிலயே வரேன். வீட்டுலதான இருப்பீங்க?” என்றார்.

ஒரு முடிவு: அவள் போனை அணைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். (இது எனக்குச் சரளமாக வருகிறது.)

இன்னொரு முடிவு: கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிக் கதறுகிறாள். (இது மாஸ்டருக்குப் பொருந்தும். அவருக்கே தருகிறேன்.)

நடந்தது இதுதான். சிஸ்டர் நடைபாதையை இடித்து வண்டியை நிறுத்தினார். மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கை கழுவப் போனவர் குழாயடியைச் சுற்றிப் பார்த்தார், அங்கே பிரஷ் இல்லை. வெளியே வந்து, தன் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்தார். பிரஷ் போட்டு வைக்கிற குவளை.

“இது வண்டிக்கு இல்ல டீச்சர்,” என்றார். “வீட்டுக்கு.”

“சிஸ்டர், அந்த பிரஷ்…”

“தெரியும். டீ போடுங்க, சர்க்கரை கம்மியா.”

பிறகு ஒரு மணி நேரம் மருமகளைப் பற்றிப் புலம்பினார். இந்த அறையில் என் குரலைத் தவிர இன்னொரு குரல் கேட்டது அன்றுதான்.

6

ஆறு நாளாகக் குவளை குழாயடியில் காலியாக இருக்கிறது. இப்போது காலை ஆறரை மணி. ஏழு மணிக்கு ஆள் வந்துவிடுவார். பேனாவை மூடிவிட்டுப் பல் துலக்கக் கீழே போகிறேன். போவது வரை எழுதியாகிவிட்டது. திரும்பி மேலே ஏறும்போது என் கையில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கடைசி நாளில் ஒன்று சொல்வேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். எடுங்கள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.