பாலத்தில் கிடந்த நம்பர்

"தெரிஞ்சுதானடி வாய மூடிக்கிட்டு இருந்த?"

"கத்தாதீங்க. லயமே கேக்குது."

"கேக்கட்டும்லா! லயத்துக்குத் தெரியாததா? எனக்கு மட்டுந்தானே தெரியல!"

லயம், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகள், கேட்டது உண்மைதான். கத்திக்கொண்டிருந்த தங்கராஜு அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அன்றைக்கு, எண்ணெய்ச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாதென்று அடுப்பையே அணைத்துவிட்டேன்.

அண்ணன் முப்பத்து நான்கு வருடம் எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தாப்பாவில் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு மலிவு விலை ஃபிளாட் பார்க்கலாம் என்பது அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்காவின் கணக்கு. அண்ணனின் கணக்கு வேறு. அக்காவின் தம்பி சுப்பனுக்குக் கோலா தெர்லாவில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ் தோட்டம். அங்கே மூலையில் கிடந்த பழைய லேண்ட்ரோவரைக் கெரானோடு சேர்த்து மச்சானுக்குக் கொடுத்திருந்தான். கெரான் என்றால் வண்டிக்கு ஜாதகம் மாதிரி. எஞ்சின் நம்பர், சேசி என்கிற அடிச்சட்டத்தின் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். "துரை வீட்டத் திருப்பிக் கேட்டா குடுத்துடலாம். இத எவன் கேப்பான்? நெனச்ச எடத்துல நிப்பாட்டி சோறாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அதற்குள் மடக்குக் கட்டில் போட்டார். கேஸ் அடுப்புக்கு மேடை, தண்ணீருக்குத் தொட்டி. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தட்டல் சத்தம்தான்.

லயத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. அதிகம் சிரித்தது நான்தான், மறைப்பானேன். "என்னக்கா, மாளிகைக்குப் பால் காய்ச்சுறது எப்போ?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "தகரத்துக்குள்ள நான் மீனாட்டம் கெடக்க மாட்டேன், அவரே கெடக்கட்டும்" என்பாள் அக்கா. முதல் வருடம் அப்படித்தான் சொன்னாள். இரண்டாம் வருடம் ஒரு நாள் அவள் வாசலில் உட்கார்ந்து பழைய ஆரஞ்சுப் புடவையைக் கிழித்துத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஜன்னலுக்கு இரண்டு. நான் பார்த்ததும் மடியில் சுருட்டி மறைத்தாள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலில் ஊசி குத்தி ரத்தப் பொட்டு. கடலை ஒரு தடவைகூடப் பார்க்காதவள். முதல் பயணம் குவாந்தான் கடற்கரைக்குத்தான் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

வண்டி தயாரானதும் இன்சூரன்ஸ்காரர் புவனேஸைப் பார்க்க ரிங்லெட்டுக்குப் போனார். "அண்ணே, படுக்கிற வண்டின்னு மொதல்ல பதியணும். பதிஞ்சாத்தான் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் இருந்தாத்தான் ரோட்டெக்ஸ் கட்ட முடியும்" என்றாராம் புவனேஸ். வேலையைத் தொடங்குமுன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அண்ணன் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கேட்கிறார். இப்போதாவது படம் எடுத்து, வரைபடம் போட்டு, எழுதிக் கேட்கலாம் என்றார்களாம் பதிவு ஆபீசில். சரியென்று வண்டியை ஒரு லோரியில் ஏற்றி மலையிறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள்.

சோதித்த மலாய்க்காரப் பையன் கட்டிலைத் தட்டிப் பார்த்தானாம். அடுப்பைப் பார்த்துச் சிரித்து, "சந்தெக், பாக்சிக்" என்றானாம். அதாவது, அழகாக இருக்கிறது பெரியவரே. பிறகு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து சேசியில் இருந்த பெயின்டைச் சுரண்டினான். கெரானைப் பார்த்தான், மறுபடியும் சுரண்டினான். கெரானில் இருந்த நம்பர் அந்தச் சேசியில் இல்லை.

எப்படி இருக்கும்? அது வேறொரு வண்டியின் சேசி. பதினோரு வருடத்துக்கு முன் சுப்பனின் லேண்ட்ரோவருக்குச் சேசி விரிசல் விட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கெரானே இல்லாமல் செத்துக் கிடந்த ஒன்றிலிருந்து சேசியைக் கழற்றி அவன் தன் வண்டிக்கு மாட்டிக்கொண்டான். மலையில் எல்லாரும் செய்கிறதுதான். தோட்டத்து மண்ரோட்டில் யார் நம்பர் பார்க்கிறார்கள்? விரிசல் விட்ட பழைய சேசியை ஓடைக்குக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்து, கூடை தூக்குகிறவர்கள் நடக்கப் பாலமாக்கினான். அண்ணன் அப்போது கால் முறிந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுப்பன் ஆணி அடிக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டது அம்மாக்கண்ணு அக்கா. மறுமுனையைப் பிடித்தது நான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கெரான் ஒத்துப்போற வேற வண்டி பாத்திருப்பேன்லா" என்று அன்றைக்குச் சுவருக்கு அப்பால் அண்ணன் சொன்னார். கத்தலெல்லாம் தீர்ந்துபோன குரல்.

காதைச் சுவரில் வைத்தேன்.

"மொதல்ல வேணும்னுதான் சொல்லல" என்றாள் அக்கா. "நடக்கலேன்னா ஃபிளாட்டுக்கு வருவீங்கன்னு. அப்புறம்... நடக்கணும்னு ஆசையாயிடுச்சு. அதுக்கப்புறம் பயத்துல சொல்லல."

நான் காதை எடுத்துவிட்டேன். எனக்கும் தெரிந்துதானே இருந்தது? எனக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை. வேடிக்கை முடிந்துவிடுமே என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

மறுநாள் மூன்று பேருமாகக் கோலா தெர்லாவுக்குப் போனோம். மூன்றாவது ஆள் நான், கோபிஸ் வாங்குகிற சாக்கில். சோதனைக்குக் கொண்டுபோன லோரி வண்டியை அங்கே ஓடைக்கரையில்தான் இறக்கிவிட்டிருந்தது. "அந்த நம்பர மட்டும் வெட்டி இதுல ஒட்டிடலாம் மச்சான், யாருக்குத் தெரியும்?" என்றான் சுப்பன்.

"வெட்டிக் குடுடா" என்றாள் அக்கா. அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அண்ணன் வெட்டும் மெஷினோடு ஓடைக்குள் இறங்கினார். பாலத்துக்கு அடியில் குனிந்து வெகுநேரம் இருந்தார். மெஷின் சத்தமே வரவில்லை. மேலே வந்தபோது முழங்கால் வரை ஈரம்.

"பாசிய வழிச்சேன். நம்பர் முழுசா இருக்கு, கண்ணாடி மாதிரி" என்றார். "ஆனா அந்தப் பையன் போட்டோ புடிச்சி எழுதிக்கிட்டான். இனிமே ஒட்டுனா திருட்டு வண்டின்னு புடிப்பாங்க. வேணாம் அம்மாக்கண்ணு."

அவள் வண்டிக்குள் ஏறித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

அடுத்த ஜனவரியில் அவர்கள் மகள் சசிரேகாவுக்கு மாப்பிள்ளை ஊரான குவாந்தானில் கல்யாணம். இருவரும் பஸ்ஸில்தான் போனார்கள். அக்கா பட்டுப்புடவையோடு கடலைப் பார்த்தாளாம், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால் ஐந்தே நிமிடம். பிறகு மகளின் பேறுகாலத்துக்கென்று அங்கே போனவள் திரும்பவில்லை. பேரனுக்கு இப்போது இரண்டு வயது. அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்த தாப்பா ஃபிளாட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அண்ணன் ஓய்வு பெற்றுத் திருப்பிக் கொடுத்த லயத்து வீட்டுக்குப் பங்களாதேஷ் தொழிலாளர்கள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, சுவர் இருந்தும் பிரயோஜனமில்லை.

அண்ணன் சுப்பனின் தோட்டத்தில், ஓடைக்கரையில் நிற்கிற அந்த வண்டிக்குள்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோபிஸ் வாங்கப் போனால் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கேஸ் அடுப்பில் தேத்தண்ணி போட்டுத் தருவார். நான் ஒன்றும் கேட்பதில்லை. வண்டிக்கு இரண்டு ஜன்னல். ஒன்றில்தான் ஆரஞ்சுத் திரை தொங்குகிறது. இன்னொன்றின் திரையை அக்கா பேறுகாலத்துக்குப் புறப்பட்டபோதே கழற்றிக்கொண்டு போனாள், அதில் வெறும் கம்பி.