மூன்றாம் நம்பர் சட்டை

உனைசி என்னைப் பன்னி என்றுதான் கூப்பிடுவாள். பன்னி, அழுகின கிழங்கு, ஓட்டைப் படகு, அன்றைக்கு வாயில் எது வருகிறதோ அது. நான் மட்டும் சும்மா விடுவேனா? வழுக்கைக் கோழி என்பேன். சுவா சந்தையில் புதிதாய்க் கடை போட வந்தவர்கள் நாங்கள் கத்துவதைப் பார்த்து, அடிதடி வரப்போகிறது என்று கூடையை ஒதுக்கி வைத்ததுண்டு.

விஷயம் இதுதான். அவள் ஊருக்கும் என் ஊருக்கும் ஆதி முன்னோர் ஒருவரே. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தவுவு. தவுவு எதை வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டால் நமக்குத்தான் கேவலம். உனைசி வாரத்துக்கு இரண்டு முறை என் கடைக்கு வந்து ஒரு கட்டு மரவள்ளிக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு போவாள். நான் அவள் வீட்டுக்குப் போனால் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவேன். எட்டு வருஷமாய் இப்படித்தான்.

அந்த எட்டு வருஷமும் ஒரே கிளப்பில் ரக்பி ஆடினோம். எட்டு எட்டுப் பேராய்க் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவோமே, அந்த ஸ்க்ரமில் முன்வரிசைக்கு நடுவில் இரண்டாம் நம்பர் அவள். அவளுக்கு வலது பக்கம் மூன்றாம் நம்பர் நான். அவள் கை என் முதுகைச் சுற்றியிருக்கும், அவள் காது என் காதோடு உரசும். எனக்குச் சளி பிடித்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அவள் நாட்டுக்கு ஆடுகிறவள், போன வருஷத்திலிருந்து கேப்டன். நான் ஒருமுறைகூட நாட்டுக்கு ஆடினதில்லை. முகாமுக்குக் கூப்பிடுவார்கள், சாப்பாடு போடுவார்கள், பெயரைப் படிக்காமல் அனுப்பிவிடுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. இந்தத் தடவை பாருங்கள், சனிக்கிழமை இங்கேயே சுவாவில் சமோவா நாட்டு அணியோடு டெஸ்ட் ஆட்டம், மூன்றாம் நம்பரில் ஆடிக்கொண்டிருந்தவள் கர்ப்பம். இடம் காலி. போட்டிக்கு இருந்தது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி வாசிதி, இருபத்தொரு வயது, உனைசிக்குச் சித்தி மகள். நல்ல பிள்ளைதான், பலமும் உண்டு, ஆனால் ஸ்க்ரமில் எப்போது தள்ளவேண்டும் என்று இன்னும் தெரியாது.

அந்தச் சட்டையை ஒரே ஒரு தரம் போட்டுக்கொண்டு தேசிய கீதத்துக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அதன் பிறகு பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். அம்மாவும் ஊர்க்காரர்கள் இருபது பேரும் வெள்ளிக்கிழமை சாயங்காலப் படகில் வருவதாக இருந்தார்கள். பெயர் படிக்கட்டும், பிறகு கிளம்பலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டாள்.

என் இடது முட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் லௌதோகாவில் மழையில் ஆடினபோது அது ஒருமுறை சறுக்கியது. யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உனைசியிடம் மட்டும் சொன்னேன். அவள் வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, தன் துண்டிலேயே சுற்றி, சுவா வரும்வரை என் முட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். “இது என் வாயில வராதுடி. செத்தாலும் வராது,” என்றாள். ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. முகாமில் எல்லோரையும் சோதித்த அணி டாக்டர் என் முட்டியையும் மடக்கி நீட்டிப் பார்த்து, தாராளமாய் ஆடலாம் என்று எழுதியே கொடுத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ரேடியோவில் பெயர் படித்தார்கள். என் பக்கத்துக் கடை ராம்காலி அக்கா, மிளகாயும் வெண்டைக்காயும் விற்கிறவள், சத்தத்தைக் கூட்டி வைத்தாள். சந்தையில் பாதிப்பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒன்று, யாரோ. இரண்டு, உனைசி, கேப்டன். மூன்று, வாசிதி. மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரிலாவது வருமா என்று கடைசிவரை கேட்டேன். வரவில்லை.

அப்புறம் சந்தையில் யாருமே வியாபாரம் பார்க்கவில்லை.

“கண்ணு அவிஞ்சு போச்சா இவனுங்களுக்கு!” என்று ஆரம்பித்தாள் ராம்காலி அக்கா. “சமோவாக்காரிங்க ஒவ்வொருத்தியும் ஒரு ஃபிரிட்ஜ் சைஸ்ல இருக்கா. அவங்க முன்னாடி இந்தக் குழந்தையை நிறுத்துவாங்களாம்!”

“சின்னப் பொண்ணுன்னா ஓடுவால்ல. எம்பது நிமிஷம் ஓடணுமே,” என்றார் மீன் விற்கிற பெனி.

“மூணாம் நம்பர் எதுக்குய்யா ஓடணும்? அது தூண். தூண் ஓடி நீ பாத்திருக்கியா?”

“அப்ப நீயே போய்க் கமிட்டில உக்காரு.”

“கூப்பிடட்டும், உக்காருறேன். உன்னை மாதிரி மீனை மோந்து பாத்து மார்க் போட மாட்டேன்.”

சிரிப்பு. யாரோ வயதைச் சொன்னார்கள். யாரோ, கேப்டனுக்குச் சொந்தம், அதான் என்றார்கள். அந்தப் பேச்சை நான்தான் அடக்கினேன். “உனைசி அப்படிப்பட்டவ இல்ல. அவளைப் பத்தி என் கடை முன்னாடி பேசாதீங்க,” என்றேன். நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாய் இருக்கிறது.

மத்தியானம் உனைசியே வந்தாள். வரும்போதே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

“அடி பன்னி, என்னைக் கொன்னு போடு! எல்லாம் என் நாக்கால வந்தது. கமிட்டில உன்னைப் பத்திக் கேட்டாங்க. அந்தக் கிழவிக்கு முட்டி கதவு மாதிரி கிரீச்சுங்குது, எண்ணெய் ஊத்தித்தான் ஸ்க்ரம்ல விடணும்னு சொன்னேன். தவுவு பேச்சுடி! அந்த வைசாலே கிழவன் அதை நெசம்னு எழுதிக்கிட்டான்!”

சந்தையே சிரித்தது. பெனி ஐஸ் பெட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தவுவு அடித்த ஜோக்குக்கு அழுதவள் என்று பெயர் வாங்க முடியுமா? “வழுக்கைக் கோழி, உன் வாயைத் தைக்கணும்டி,” என்றேன். அவள் வழக்கம்போல் ஒரு கட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரி என் கோபமெல்லாம் வைசாலே மாஸ்டர் மேல்தான் இருந்தது.

வைசாலே மாஸ்டர் தேர்வுக் குழுவில் மூத்தவர், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராய் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் என்னிடம் கிழங்கு வாங்க வருவார். இந்த வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்று நினைத்தேன். காலையிலேயே வந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“திட்டும்மா. திட்டிட்டுக் கிழங்கு குடு,” என்றார்.

“ஏன் மாஸ்டர், தவுவு ஜோக்கடிச்சா உங்களுக்குத் தெரியாதா? நீங்க என்ன வெளிநாட்டுலேர்ந்தா வந்தீங்க?”

“எந்த ஜோக்கு?”

“என் முட்டி. கதவு மாதிரி கிரீச்சுங்குதுன்னு உனைசி சொன்னது.”

அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பினார். சொல்லலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

“ரெண்டு மணி நேரம் சண்டை போட்டோம்மா. மூணு பேர்ல ரெண்டு பேர் உன் பக்கம். நான் டாக்டர் எழுதினதைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினேன். கடைசியா கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டோம். உள்ள வந்ததும், கதவைச் சாத்துங்கன்னு சொன்னா.”

நான் கையிலிருந்த கிழங்குக் கட்டைக் கீழே வைத்தேன்.

“லௌதோகா மேட்ச், மழை, இடது முட்டி. பஸ்ல ஐஸ் வச்சது. எல்லாத்தையும் வரிசையா சொன்னா. டாக்டருக்குத் தெரியாது, அவ மறைச்சுட்டான்னு சொன்னா. எனக்கு அறுபத்தெட்டு வயசும்மா, தவுவு பேச்சு எதுன்னு தெரியும். கேலி பண்றவ எதுக்குக் கதவைச் சாத்தச் சொல்லணும்?”

அவர் கிழங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராம்காலி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மிளகாயைக் குவித்துக் குவித்து வைத்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

முட்டியைச் சொன்னதைக்கூட நான் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டு, வெளியே வந்து நாலு பேர் முன்னால் அதையே ஜோக்காக்கி, என்னையும் சிரிக்க வைத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கோபப்பட முடியாது என்று தெரிந்தே செய்திருக்கிறாள். எங்கள் ஊர் முன்னோர் கொடுத்த உரிமையை எடுத்து என் வாயில் அடைத்துவிட்டாள்.

மத்தியானம் உனைசி வந்தாள். கடைசிப் பயிற்சி முடிந்து அணி வேன் தெருவில் நின்றது. தேசிய அணியின் மேல்சட்டை போட்டிருந்தாள். வந்த வேகத்தில் ஒரு கட்டுக் கிழங்கைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“என்னடி பன்னி, இன்னிக்குக் கிழங்கெல்லாம் உன் மூஞ்சி மாதிரி வதங்கிக் கெடக்கு?”

பெனி அதற்குள் சிரிக்கத் தயாராகிவிட்டார். நான் எழுந்தேன். என் ஸ்டூலைத் துணியால் துடைத்து அவள் முன்னால் போட்டேன்.

“வாங்க. உக்காருங்க,” என்றேன்.

“என்னது?”

“வெயில்ல வந்திருக்கீங்க. இளநீ வெட்டச் சொல்லட்டுமா?”

அவள் சிரித்தாள். “என்னடி புது நாடகம் இது? ஏய், பாருங்கடி, ஓட்டைப் படகு மரியாதை கத்துக்கிச்சு!”

யாரும் சிரிக்கவில்லை. ராம்காலி அக்கா ரேடியோவை அணைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஊருக்கு வந்த பெரிய மனிதர்கள் முன்னால் நிற்பதுபோல.

“பயிற்சி எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?”

அவள் முகம் மெல்ல மாறியது. சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மாஸ்டர் வந்தாரா?”

“வந்தாருங்க. கிழங்கு வாங்கிட்டுப் போனாரு.”

வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பவில்லை.

“தொரிகா, கேளு. வாசிதிக்காக இல்லடி. சத்தியமா இல்ல. அந்த லௌதோகா மேட்ச்ல உன் முட்டி சறுக்கினப்ப மொத்த ஸ்க்ரமும் என் கழுத்து மேல வந்து விழுந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டு கையும் ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க முதுகுல மாட்டியிருக்கு, ஊன்றக்கூட முடியாது. அன்னிலேர்ந்து குனியும்போதெல்லாம் எனக்குப் பயம். எனக்கு ரெண்டு பிள்ளைங்கடி.”

அது உண்மையாகவே இருக்கலாம். இருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நடுவில் மாட்டிக்கொண்டவளின் கழுத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஏப்ரலிலிருந்து எட்டு ஆட்டம் என் காதோடு காது உரசினாள். அந்தக் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயமாயிருக்குடி, நீ விலகிக்கோ என்றால் நான் அழுதிருப்பேன், அவளை நாறத் திட்டியிருப்பேன், ஆனால் விலகியிருப்பேன். அம்மாவிடம் டிக்கெட் எடுக்காதே என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டையாகும், சண்டை முடிந்தால் சமாதானமாகும்.

“கழுத்தைப் பாத்துக்குங்க,” என்றேன்.

“அப்படிப் பேசாதடி.” அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “திட்டு. இவ்வளவு பேர் முன்னாடி திட்டு. வழுக்கைக் கோழின்னு சொல்லு, துரோகின்னு சொல்லு, செருப்பால அடி. வாங்க போங்கன்னு மட்டும் பேசாத.”

“நீங்க எங்க கேப்டன். உங்களை அப்படிப் பேசலாமா? நாளைக்கு நல்லா ஆடுங்க. நாங்க எல்லாம் பாக்க வருவோம்.”

மறுபடியும் ஹாரன் அடித்தது. உனைசி கக்கத்திலிருந்த கிழங்குக் கட்டைக் குனிந்து பார்த்தாள், அதை என்ன செய்வது என்று தெரியாதவள்போல. பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்து, எந்த இடத்திலிருந்து தூக்கினாளோ அதே இடத்தில் வைத்துவிட்டு வேனை நோக்கி நடந்தாள்.