திறனில் கால் பங்கு

சாலமோன் இன்ஜினில் கைவரிசையைக் காட்டிவிட்டான் என்று மகேஸ்வரனுக்கு முடிவாகிவிட்டது. ராதாபுரத்தில் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறவரை ஒரு மெக்கானிக் ஏய்த்துவிட முடியுமா என்ன?

தை மாதம் காவல்கிணறு ரோட்டில் எண்பதில் பறந்த கார், அவருடைய டீசல் அம்பாசிடர். ஆனியில் சாலமோன் பட்டறையில் இன்ஜின் வேலை பார்த்து வந்தபிறகு, என்ன மிதித்தாலும் அறுபதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இன்ஜின் நம்பர் சரியாகத்தான் இருந்தது. நம்பர் வெளியேதானே இருக்கிறது, உள்ளே மாற்றியிருந்தால்? அன்றைக்குப் பட்டறைக்குள் இவர் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றதே, அது எதற்காம்?

விடைத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். வண்டி சீரான வேகத்தில் ஓடும்போது இன்ஜின் தள்ளும் விசையும், வண்டியை இழுத்துப்பிடிக்கும் எதிர்ப்பு விசையும் சமம். அதே ரோடு, அதே பாரம், ஆகவே அதே எதிர்ப்பு. எண்பது அறுபதானால் திறனில் கால் பங்கு களவு போயிருக்கிறது! ‘எதிர்ப்பு விசை மாறாதது எனக் கொள்க’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, தானும் அப்படியே கொண்டுவிட்டார் மனிதர்.

பள்ளி வேன்கள் இரண்டையும் இனி சாலமோன்தான் பார்ப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். அதை நம்பி அவன் பட்டறைக்குப் புதுக் கூரையும் போட்டிருந்தான். மகேஸ்வரன் தலைமையாசிரியரிடம் போய், அந்தக் களவாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பட்டறைக்கே வந்தார்.

களவையும் வேன் வேலை போனதையும் முகத்துக்கு நேரே சொன்னபோதும் சாலமோன் கோபப்படவில்லை. குற்றமுள்ளவன்தான் இத்தனை நிதானமாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டார். இருவரும் காரில் ஏறி மேற்கே பார்த்துப் போனார்கள். முள் அறுபதிலேயே நின்றது. மகேஸ்வரன் அதை விரலால் தட்டிக் காட்டினார்.

“வண்டியத் திருப்புங்க சார்வாள்,” என்றான் சாலமோன்.

வீடு திரும்பும்போதெல்லாம் மெதுவாகவே வருகிறவர், இப்போது கிழக்கே திருப்பி அதே மிதி மிதித்தார். எழுபது. எண்பது. தொண்ணூறையும் தொட்டது. ரோட்டோர உடைமுள் மரங்களெல்லாம் ஆடிக்காற்றில் கிழக்கே வளைந்து கிடந்தன. தை மாதத்தில் இந்தக் காற்று ஏது? மகேஸ்வரன் காலை எடுத்துவிட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாக முணுமுணுத்தார்.

“அவர்ட்ட சொல்லிருவிய. நான் களவாண்டேன்னு வேற யார்யார்ட்ட சொல்லியிருக்கிய?”

மகேஸ்வரன் யோசித்தார். ஆசிரியர் அறையில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். நேற்று வள்ளியூர் பஸ்ஸில், பெயர்கூடத் தெரியாத ஒருவரிடமும் சொன்னார்.