தென்றலை வடக்கே திருப்பியவன்

கொட்டகைக்குள் நுழைந்ததும் விமானி சுவரைப் பிடித்துக்கொண்டார். "பூமி நிக்குதா, இன்னும் சுத்துதா?"

ரேடார்காரி அவரைக் காலையிலிருந்து கடலுக்கு மேல் ஆறு வட்டம் அடிக்க வைத்திருந்தாள். காரணம் இருக்கிறது. காற்று பட்டால் கடல் மேல் விரலகலச் சிற்றலைகள் சிலிர்த்தெழும். விமானத்தின் அடியிலுள்ள ரேடார் அனுப்பும் துடிப்பு அவற்றில் பட்டுத் திரும்பும். காற்று வலுத்தால் எதிரொலியும் வலுக்கும். திசைக்குத்தான் வட்டம்: காற்று வரும் பக்கம் ரேடார் பார்க்கும்போது எதிரொலி உச்சத்தில் இருக்கும், போகும் பக்கம் பார்த்தால் ஒரு பிசிறு குறையும், குறுக்கே பார்த்தால் நன்றாகவே இறங்கிவிடும்.

கடலில் மிதவை ஒன்று காற்றை நேரடியாக அளக்கிறது. நான்கு மணிக்குள் ரேடாரின் கணக்கு அதனோடு ஒத்துப்போகாவிட்டால் விமானத்திலிருந்து ரேடாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவை மாட்டப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். மூன்று வருட உழைப்பு அவளுக்கு.

மூன்றரைக்குக் கணினி விடை சொன்னது. கணக்கு நிரலை எழுதியவன் அவள் கொழுந்தன். போன மாதம் வரை நீரோட்டங்களை அளந்துகொண்டிருந்தவன்.

"அண்ணி, வேகம் நச்சுன்னு பொருந்துது. திசைதான்... மிதவை தெக்குங்குது, நாம வடக்குங்கறோம்."

"முன்பக்கம் பின்பக்கம் தெரியாத ரேடாரா?" என்றார் விமானி. "என் மச்சான் மாதிரியே இருக்கே!"

அவள் சிரிக்கவில்லை. எதிரொலியின் வரைபடத்தைத் திறந்தாள். இரண்டு மேடுகள். உயரமான மேடு, ரேடார் தெற்கே பார்த்தபோது வந்தது.

"ரேடார் சரியாத்தான் சொல்லுது. நடுவுல யாரோ திருப்பியிருக்காங்க."

"யாரோன்னா நானா?"

"தென்றல்னா எது?"

"தெக்கேர்ந்து வர்ற காத்து."

"அதுக்கு நீ புரோகிராம்ல என்ன திசை போட்ட?"

"வடக்கு. தெக்கேர்ந்து வந்தா வடக்கதானே போகும்? நீரோட்டத்துக்கு எப்பவும் போற திசையத்தானே..." அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயய்யோ, அண்ணி!"

"தண்ணிக்குப் போற திசை. காத்துக்கு வர்ற திசை. மாத்துடா, சீக்கிரம்!"

ஒரே வரி. திருத்தியதும் மிதவைக்கும் ரேடாருக்கும் வித்தியாசம் மூன்றே பாகை. விடையை அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு அவள் மேலாளரிடம் ஓடினாள். நான்கடிக்கச் சில நிமிடம் இருக்கையில், வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

"ரேடார் இருக்கட்டும்னுட்டாரு! நாளைக்கு இன்னும் பத்து வட்டம்."

விமானி தொப்பியை எடுத்தார். "தம்பி, நான் கிளம்பறேன். யார் கேட்டாலும் எங்கேர்ந்து வந்தேன்னு மட்டும் சொல்லு. எங்க போனேன்னு சொல்லிடாத."