ஒன்பதரை சென்டிமீட்டர்

மரவேலைக் குழுவில் எல்லோருக்கும் நான் அக்கா. முந்நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு. செய்த சாமானைப் படம் பிடித்துப் போடுவோம். எப்படிச் செய்தோம், எங்கே கை சறுக்கியது என்று எழுதுவோம். யாராவது நாற்காலி ஆடுகிறது என்று புலம்பினால் போதும், நான் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். "அளக்காம வெட்டினா ஆடாம என்ன பண்ணும்?" என்று வறுத்தெடுப்பேன். வாய்க்கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மாதம் முன்பு என் தங்கை மகளின் பிரசவத்துக்காக ஒரு குழந்தைக் கட்டில் செய்தேன். நாலு பக்கமும் மரப்பட்டைகள் நிமிர்ந்து நிற்கும் கட்டில். படத்தோடு அளவுகளையும் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் இழைத்துக்கொண்டிருந்தபோது மரங்கொத்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. மரங்கொத்தி என்பது அவன் குழுவில் வைத்துக்கொண்ட பெயர். பிழைப்புக்கு பஸ் ஓட்டுகிறான். "அக்கா அளவுப்படியே செஞ்சது. பாப்பா இன்னைக்குத்தான் முதல் தடவையா இதுல தூங்கப் போறா. நான் டூட்டிக்குக் கிளம்பிட்டேன்" என்று எழுதியிருந்தான்.

பெருமையாகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பட்டைகள். என் கட்டிலில் பன்னிரண்டு. கஞ்சப் பயல், கட்டையில் மிச்சம் பிடித்துவிட்டான் என்று திட்ட வாயெடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். 'பட்டைகளுக்கு நடுவே இடைவெளி: ஒன்பதரை சென்டிமீட்டர்.' நான் எழுதியதுதான்.

இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியை ஓரமாக வைத்தேன்.

ஐந்தரைதான் இருக்க வேண்டும். துளை போடும்போது ஒரு பட்டையின் மையத்திலிருந்து அடுத்த பட்டையின் மையத்துக்குக் குறி வைப்பேன். இடைவெளி ஐந்தரை, பட்டையின் அகலம் நாலு, ஆக ஒன்பதரை. அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி வைத்திருக்கிறேன். முடித்த கட்டிலை அளக்கச் சோம்பல்பட்டு, அந்தக் குச்சியைப் பார்த்து எழுதித் தொலைத்திருக்கிறேன். ஐந்தரையில் குழந்தையின் இடுப்பு நுழையாது. ஒன்பதரையில் உடம்பு நுழைந்துவிடும், தலை நுழையாது. கழுத்து மாட்டிக்கொள்ளும்.

போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தான். பஸ் ஓட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான். அவன் மனைவியின் நம்பர் எனக்குத் தெரியாது. போன வருடம் ஒரு இழைப்புளித் தகடு அனுப்பியதால் விலாசம் மட்டும் இருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வண்டிய எடுங்க. வழியில சொல்றேன்."

நாற்பது நிமிடப் பயணம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "குழுவுல ஒரு வரி போடு. யாராவது அவங்க வீட்டுப் பக்கத்துல இருப்பாங்க."

"நேர்லயே போய்ச் சொல்லிடலாம். முந்நூறு பேர் முன்னாடி..."

"முன்னாடி என்ன?"

"நீங்க ரோட்டைப் பாருங்க."

போன் பையிலேயே கிடந்தது. ஒன்றும் ஆகியிருக்காது, குழந்தை அம்மா மடியில்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கதவில் 'குழந்தை தூங்குகிறது, மணி அடிக்காதீர்கள்' என்று ஒரு தாள். அடித்தேன். யாரும் வரவில்லை. பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது. பட்டைகளுக்கு வெளியே இரண்டு கால்கள் தொங்கின. இடுப்பும் வயிறும் வெளியே வந்துவிட்டன. தலை உள்ளே. குழந்தை அழவில்லை.

ஐயோ என்று கத்தினேனா தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்குள் தோள்வரை கையை விட்டேன். குழந்தையின் பின்பக்கம் விரல்களுக்கு எட்டியது. உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். சூடாக இருந்தது. அப்புறம் ஒரு கால் என் மணிக்கட்டை உதைத்தது. உயிர் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று உளறினேன்.

வீட்டுக்காரர் கதவைக் கையாலும் காலாலும் இடித்தார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி சத்தம் கேட்டு உள்படி வழியாக ஓடி இறங்கி அறைக்குள் வந்தாள். என் கையைப் பார்த்து முதலில் அலறினாள். பிறகுதான் மகளைப் பார்த்தாள்.

"இழுக்காதம்மா! இழுக்காத! நான் கீழேர்ந்து தள்றேன், நீ தலையைப் பிடிச்சுக்கோ. இடுப்பைச் சாய்ச்சு உள்ள கொண்டா. மெதுவா!"

என் கை மரத்துப்போயிற்று. கொஞ்சம் தளர்த்தினால் குழந்தையின் பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். ஒருவழியாக இடுப்பு உள்ளே போனது. அதன் பிறகுதான் குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு நான் ஜன்னலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் திறந்தவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். குழந்தையின் தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு.

"நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்க. யாரு நீங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அளவை எழுதினது நான்தான்மா. தப்பா எழுதிட்டேன்."

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்காவா?" என்றாள். "இவ்வளவு சந்து விட்டிருக்கீங்களே, பிள்ளை நுழைஞ்சிடாதான்னு அவர்கிட்ட கேட்டேன். அக்காவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னார்."

அவள் குழந்தையின் தாடைக்குக் கீழிருந்த கோட்டைத் தடவிக்கொடுத்தாள்.

"உங்க அளவை வச்சு வேற யாரெல்லாம் செஞ்சாங்க?"

"தெரியலைம்மா."

"அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்கல்ல?"

போன் என் பையில் இருந்தது. நாற்பது நிமிடமும் இருந்தது.

"இன்னும் இல்லை" என்றேன்.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.