பூசை முடியாத படகு

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கியதில் கிடைத்தது. எண்பத்திரண்டில், காரைக்காலுக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கோட்டுச்சேரிமேட்டுக் கடலோரக் கொட்டகை ஒன்றில் நுழைந்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் படகு. காற்றடித்து, பின்னால் மோட்டார் மாட்டி, கரையோரம் தத்தளிப்பவர்களைத் தூக்கி வருவதற்கென்றே செய்தது. அதன் மூக்கில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு ஒட்டு. லாரி டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"இது என்னங்க?" என்று அங்கே காற்றடித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"கற்பூரம் சார்," என்றார்.

மழை விட்டது. வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது பஸ் ஏறிப் போய், செல்லம்மா வீடு எது என்று விசாரித்துவிட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது.

2

முதல் வரிக்கே பாதிப் பொழுது போனது.

அன்று கடல், பிள்ளையைத் தொலைத்த தாயைப் போல—

[வேண்டாம். அன்று கடல் கடலைப் போலத்தான் இருந்தது.]

1981ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், மேற்படி கிராமத்தில்—

[இது தாலுக்கா ஆபீஸ் கடுதாசி. கிழித்தாயிற்று.]

சரி, நேராகவே சொல்கிறேன். எழுபத்தேழு புயலுக்குப் பிறகு, வெளிநாட்டில் யாரோ நல்ல மனசுக்காரர்கள் அனுப்பிய படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வந்த அன்று ஊரே கூடியது. புதுப் படகு எதுவானாலும் பூசை போட்டுத்தான் இறக்குவார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் காத்தமுத்து மஞ்சள் தடவி, பூச் சாத்தி, மரப் படகுக்குச் செய்வதுபோலவே இதன் மூக்கிலும் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். இது மரமில்லை, ரப்பர் என்று அந்த பக்தியில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தேங்காய் உடைப்பதற்குள் புஸ்ஸென்று சத்தம் வந்தது. படகு மூக்கைத் தொங்கப்போட்டது. சகுனம் சரியில்லை என்று பூசையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் கலைந்து போனது.

பிறகு ஒட்டுப் போட்டார்கள். ஆனால் பூசையை யாரும் முடிக்கவில்லை, யாரும் அதில் ஏறவுமில்லை. அதற்குக் காத்துப்பை என்று பேர் விழுந்தது.

3

மருதையனை நான் நம்பவில்லை.

அம்பகரத்தூரில் நெல் விளைவிக்கும் குடும்பம். டீசல் பம்புசெட்டைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்பதற்காகப் படகு மோட்டாருக்கு ஆளாகப் போட்டுவிட்டார்கள். காலையில் மிதிபம்பால் காற்றடிக்க வேண்டும். வெயில் ஏறி ரப்பர் விம்மினால் வால்வைத் திருகிக் கொஞ்சம் இறக்க வேண்டும். மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாய்க்காலில் நன்றாக நீந்துவான். கடல் என்றால் பயம்.

இவனை வைத்துக்கொண்டு யாரைக் காப்பாற்றுவது? ஒரு வரைவில் இவனுக்குப் பதிலாக ஓய்வுபெற்ற கப்பற்படைக்காரர் ஒருவரைப் போட்டுப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே அவர் என்னை அதட்டத் தொடங்கிவிட்டார். பென்ஷன் வாங்க அனுப்பிவிட்டு மருதையனையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

4

ஐப்பசியில் ஒரு நாள் மீனவன் பூமிநாதன் தனியாகக் கடலுக்குப் போனான். போன இடத்தில் காய்ச்சல் கண்டது. மற்ற கட்டுமரங்களெல்லாம் வெகுதூரம் போய்விட, இவன் மட்டும் தன் கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்பினான். அலை மடியும் இடத்துக்குச் சற்று அப்பால் மரம் கவிழ்ந்தது. மறுபடி ஏறத் தெம்பில்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை நீரோட்டம் தெற்கே, திருமலைராயன்பட்டினம் பக்கமாக இழுத்தது.

மீன்கூடையோடு கரையில் நின்ற அவன் மனைவி செல்லம்மா அதைப் பார்த்துவிட்டாள். கொட்டகைக்கு ஓடினாள்.

"அண்ணே, மோட்டாரைப் போடுங்க. எங்க வூட்டுக்காரரு தண்ணியில கெடக்காரு!"

"போட்டுடுவேன் தங்கச்சி. அலையைத் தாண்டத் தெரியாதே எனக்கு. யாராச்சும் ஆம்பளைங்களக் கூப்புடு."

"எந்த ஆம்பளைய? எல்லாரும் கடல்ல இருக்காங்க. கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா கரையில யாரு இருப்பா? நாங்கதானே இருப்போம். நான் ஏறிக்கிறேன். எந்த அலையில போவணும்னு சொல்றேன்."

முழங்கால் வலியால் கடலுக்குப் போகாத காத்தமுத்து குறுக்கே வந்தார். "ஏ செல்லம்மா, பொம்பள படகுல ஏறக் கூடாது. ஊருக்கே ஆகாது."*

"பூசை போட்டாத்தானே படகு, பெரியப்பா? இதுக்குத்தான் பூசை முடியலையே. நீங்கதானே காத்துப்பைன்னு பேரு வச்சீங்க. காத்துப்பையில பொம்பள ஏறக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சு?"

[இப்படிக் கேட்பாள் என்று நான் நினைத்து வைத்திருக்கவில்லை, அவளாகவே கேட்டாள். வேறு எழுத்தாளர் இப்படிச் சொன்னால் நான் சிரிப்பேன். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம்.] படகைத் தள்ள முதலில் கைவைத்தவர் காத்தமுத்துதான்.

* இப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே அந்த ஊரில் உண்டா என்று சண்டைக்கு வராதீர்கள். இந்தக் கதைக்குள் உண்டு.

5

செல்லம்மா ஒருநாளும் கடலுக்குள் போனவள் இல்லை. ஆனால் விடியும்முன் நெஞ்சளவுத் தண்ணீர் வரை புருஷனின் மரத்தைத் தள்ளிவிட்டு, அது அலையைத் தாண்டும்வரை நின்று பார்ப்பவள்.

"இருங்கண்ணே. பெரிசு போவட்டும். இன்னொண்ணு வருது, அதுவும் போவட்டும். இப்ப! போங்க, போங்க!"

படகு எழும்பியது, வளைந்தது, தொப்பென்று விழுந்தது. ஒட்டு தாங்கியது. மருதையன் காலையில் குடித்த நீராகாரம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தான்.

"கண்ணைத் தெறங்கண்ணே! மோட்டாரு உங்க கையிலதான் இருக்கு!"

முதல் வரைவில் பூமிநாதனைச் சாகடித்திருந்தேன். ஒரு சாவு விழுந்தால் கதை கனமாக நிற்கும் என்று ஒரு சபலம். மறுநாள் படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. காய்ச்சலோடு கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவனை என் கதைக்காக மூழ்கடிப்பதா? அடித்துவிட்டேன். பிழைத்தான். ரப்பர் விளிம்பு தாழ்வாகவும் மெத்தென்றும் இருந்ததால், அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பில் அவனைச் செல்லம்மா உள்ளே போட்டுவிட்டாள்.

"மரம் போவுதே..." என்று முனகினான்.

"போனா போவுது. வேற கட்டிக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சாயங்காலம் ஊர் கூடிவிட்டது.

காத்தமுத்து தட்டோடு வந்தார். மஞ்சள், பூ, தேங்காய். கற்பூரம் இந்தத் தடவை தட்டில்தான். ஊர் பட்டுத் தேறியிருந்தது. "உசுரக் காப்பாத்துன படகு. பாதியில விட்ட பூசையை முடிச்சுடுவோம்," என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். போர்வை போர்த்தியிருந்த பூமிநாதன்கூடக் கையெடுத்துக் கும்பிட்டான்.

செல்லம்மா மட்டும் படகை மறித்து நின்றாள். "வேணாம் பெரியப்பா. பூசை முடிஞ்சா இது படகாயிடும். அப்புறம் நாங்க யாரும் ஏற முடியாது. நாளைக்கு இன்னொருத்தி புருசன் தண்ணியில கெடந்தா யாரு போவா?"

"அதுக்காக சாமிக்குக் கொறை வைக்கச் சொல்றியா? நன்றின்னு ஒண்ணு இல்ல?"

காத்தமுத்து மனம் மாறி வழக்கத்தையே மாற்றிவிடுகிறார் என்று எழுதிப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. செல்லம்மா தட்டைத் தட்டிவிடுகிறாள் என்றும் எழுதினேன். அவளும் சாமி கும்பிடுகிறவள்தான், அவள் கை வரவில்லை. அவள் விலகிக்கொள்ள, பூசை முடிந்து, அடுத்த ஐப்பசியில் படகு கொட்டகையிலேயே கிடக்க, கரையில் ஒருத்தி—

[இதை முடிக்க மாட்டேன்.]

காத்தமுத்து கற்பூரத்தை ஏற்றிவிட்டார். மருதையன் படகின் மறுபக்கம் குந்தியிருக்கிறான். அவன் விரல்கள் வால்வின் மேல் இருக்கின்றன, யாரும் கவனிக்கவில்லை. திருகினால் புஸ்ஸென்று சத்தம் வரும், சகுனம் கெடும், பூசை மறுபடியும் பாதியில் நிற்கும். செல்லம்மா ஏறலாம். ஆனால் ஒரு ஊரையும் அதன் சாமியையும் ஏமாற்றியதாக ஆகும். அவனும் பயந்த சுபாவக்காரன்.

மழைக்கு ஒதுங்கிய அன்று அந்த மனிதர் எதற்காகக் காற்றடித்துக்கொண்டிருந்தார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மருதையன் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். சின்னக் கற்பூரக் கட்டிதான், கடல்காற்று வேறு. அணைவதற்குள் சொல்லிவிடுங்கள், திருகட்டுமா?