இடைப்பட்ட ஏடுகள்

மழை ஓய்ந்த மாலையின் இளவெயில் ஓட்டுக்கூரைகளின்மேல் பொன் மெழுகினாற்போலப் படர, கடைத்தெருவின் வண்டிச் சக்கரங்கள் தேங்கிய நீரைக் கிழித்தேக, ஆலயமணியின் ஓசை தொலைவிலிருந்து தேய்ந்து தேய்ந்து வந்தடைய, அத்தெருவின் கோடியில், பசையின் மணமும் பழந்தாளின் மணமும் கலந்துறையும் சிற்றறை ஒன்றிலே, நூல் கட்டுபவர் சுவரோரக் கட்டிலிற் சாய்ந்திருந்தார். படிப்போரே, வாதத்தால் வீழ்ந்த அவரது வலக்கை, எவரோ மறந்து வைத்துப்போன பொருள்போல அவர் மடியிலே கிடந்தது. அக்கை எழவேண்டுமென்று நாள்தோறும் இறைவனை மன்றாடிய அவர் மனைவி, அது எழாமை கண்டு உளம் கசந்து, மன்றாட்டையே நிறுத்திவிட்டாள். கணவர் விட்ட ஊசியை மட்டும் தான் எடுத்துக்கொண்டாள்.

ஆலயத்தார் தைத்துத்தரக் கொடுத்திருந்த பழைய விவிலிய நூல், தையல் தளர்ந்து மடிப்பு மடிப்பாய்ப் பிரிந்திருந்தது. அவள் பக்க எண் பார்த்து அடுக்கித் தைத்தாள். இறைவாக்கினர் பகுதியும் நற்செய்திப் பகுதியும் தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதை அவள் அறியாததால், இரண்டின் மடிப்புகளும் ஒன்றோடொன்று கலந்தன. நெடுநாள் பழகிய கணவரோ, இதையும் சொல்லவேண்டுமோ என்றிருந்துவிட்டார்.

தைத்ததைப் படிக்கச் சொன்னார். பிறர் நோவைத் தம்மேல் ஏற்று, வாய் திறவாது துன்புறப்போகும் ஒருவரைப்பற்றி இறைவாக்கினர் முன்னுரைத்ததைப் படித்து, அவள் ஏட்டைப் புரட்ட, அடுத்த பக்கத்திலேயே அந்த ஒருவர் சிலுவையில் உயிர்விட்டுக்கொண்டிருந்தார்.

"இரு, இரு," என்று சிரித்தார் கணவர். "நடுவுல பல நூறு வருஷம் எங்க போச்சு? ஒரே ஊசியில தாண்டிட்டியே."

அவள் சிரிக்கவில்லை. "தாண்டினா என்னங்க தப்பு? இன்னைக்குச் சொன்னத நாளைக்கே செஞ்சிருந்தா கடவுளுக்கு என்ன குறைஞ்சிடும்? உங்க கைக்காகவும் அப்படித்தானே கேட்டேன். காதுலயே வாங்கலியே."

"எனக்கும் அது புரியலம்மா. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்." சற்றே தயங்கி, "ஆனா இதப் பிரிச்சுத்தான் ஆகணும். இப்படியே கொடுத்தா கோயில்ல வாசிக்கிறவர் நடுவுல நின்னு முழிப்பாரு," என்றார்.

"முழிக்கட்டும். நான் முழிக்கலியா?" என்றவள், ஆயினும் கத்திமுனையால் தையலை அறுத்தாள்.

இடைப்பட்ட மடிப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து, இடம் தப்பாதிருக்க ஈரிரு வரி படித்தே அடுக்கலானாள். நகர் எரிந்து, சிறைப்பட்டு, அயல்நாட்டு ஆற்றங்கரையில் வாழ்ந்தோரும், திரும்பி வந்து சாம்பலை அகற்றிக் கல்மேற் கல் வைத்தோரும் அவள் விரல்வழியே நிரையாய்க் கடந்தனர். அவள் கை நின்றது.

"என்னங்க, இவங்க ஒருத்தருமே பார்க்கலியே."

"எவங்க?"

"இந்த நடுவுல இருக்கிறவங்க. வருவாருன்னு கேட்டதோட சரி. ஆனாலும் கோயிலக் கட்டியிருக்காங்க, புள்ளைங்கள வளத்திருக்காங்க." குரல் தாழ்ந்தது. "அவரு வராமலும் போயிடல."

கணவர் கட்டிலிலிருந்து எட்டி, அவள் அடுக்கிய மடிப்புகளைப் பார்த்தார்.

"சரி, இந்த நூல் நுனிய இழுத்துப் பிடிங்க. இடக்கை சும்மாதானே இருக்கு."

"வேலை வாங்காம விடமாட்டியே," என்று பிடித்தார்.

அன்று வலக்கை எழவில்லை. பின்னும் எழுமோ, எவரும் அறியார். விளக்கேற்றியபின் அவள் நெடுநாள் கழித்து இறைவன்முன் கைகுவித்தாள். அதே கையைத்தான் கேட்டாள், இன்றே என்று கேட்கவில்லை. சொன்ன சொல்லை இறைவன் ஒருமுறை காத்தமை கண்ட நெஞ்சம், தனக்குரிய வேளையை அறியாவிடினும், காத்திருப்பதைக் கைவிடப்பட்டதாய்க் கொள்வதில்லை. அந்நெஞ்சிற்குத் துயரமும் உண்டு, துயிலும் உண்டு.